எதிரே வருகிறவள்

நைனா,

நீ ஜெர்மனிக்குப் போகப்போகும் சேதியை நான் உன் வாயால் கேட்கவில்லை. திருவள்ளூரிலிருந்து உன் பெரியம்மா கஸ்தூரி போன் செய்தாள். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி பைபாஸ் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். லாரிச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. "விசயம் தெரியுமாடி ஒனக்கு?" என்றாள். அவள் அப்படித்தான் ஆரம்பிப்பாள். தெரியாது என்று நான் சொல்ல வேண்டும், பிறகு அவள் மெதுவாக அவிழ்க்க வேண்டும், அதில் அவளுக்கு ஒரு சுகம். நான் அதைக் கொடுக்கவில்லை. "தெரியுமே க்கா" என்றேன். "புள்ள ஹாக்கி டீமை உட்டுட்டதும் தெரியுமா?" "ஆங், தெரியும்." "ஜெர்மனில ஒரு கெய்வி ஊட்ல மாடில ரூம் குடுத்துக்கிறாங்களே, அது?" "அதெல்லாம் எப்பவோ சொல்ட்டான் க்கா" என்றேன். போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். தெரியும், தெரியும் என்று சொல்லிச் சொல்லியேதான் என் பிள்ளையைப் பற்றி நான் தெரிந்துகொண்டேன்.

மூன்று நாள் கழித்து நீ வந்தாய். நான் தட்டில் சோறு போட்டேன். நீ சொன்னாய், நான் அப்போதுதான் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கை கழுவிவிட்டு வந்து நீ சொன்னாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "கெளம்பற அன்னிக்குப் பெரிம்மா எதிர்ல வர்றேன்னு சொல்லிக்கிறாங்க மா. முந்தின நாளே இங்க வந்துருவாங்க. நீ அப்போ..." "நான் அப்போ?" "நீ உள்ள..." என்று நிறுத்திவிட்டு, துண்டில் துடைத்த கையையே மறுபடி துடைத்தாய். மீதியை நானே போட்டு முடித்துக்கொண்டேன். பழக்கமான வாக்கியம்தானே.

நேரில் பேசினால் நான் கத்துவேன், நீ செருப்பை மாட்டுவாய். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற கை இது. உன் அக்கா ரேவதி பொதட்டூர்பேட்டையிலிருந்து பிள்ளைகளோடு வந்திருக்கிறாள், அவள்தான் எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறாள். கஸ்தூரியைப் பற்றிய இடங்களை எடுத்துவிடு என்றாள். அதை எடுத்துவிட்டால் கடிதத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். பேரன் ஓடி வந்து, "ஆயா, யாரைத் திட்டற?" என்று எட்டிப் பார்க்கிறான். திட்டவில்லை. ஞாபகத்தை எழுதுகிறேன். என் வரையில் இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது.

ஊருக்குக் கிளம்புகிறவனுக்கு எதிரே நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலி வர வேண்டும். தாலி இறங்கியவள் வரக்கூடாது. உன் அப்பாவைப் பெற்ற கிழவி காலத்திலிருந்து நம் குடும்பத்தில் இது சட்டம். உன் அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது நீ மூன்றாவது படித்தாய். அன்றிலிருந்து நல்ல காரியத்துக்கு யார் கிளம்பினாலும் நான் உள்ளே. கஸ்தூரி வெளியே. உன் பெரியப்பா எதற்கும் எழுந்திருக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து செருமிக்கொண்டிருப்பார். அந்த மனுஷன் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதே அவளுக்கு ஓர் உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் அவள் ஒரு நாளும் லீவு போட்டதில்லை.

உனக்கு ஒரு கதை தெரியாது. அப்பா போன மறு வருஷம் பொன்னேரியில் ஒரு ஏஜென்ட் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் எடுத்தார். நான் போய் நீலத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டேன். உங்கள் இரண்டு பேரையும் என் அம்மாவிடம் விட்டுப் போவதாக ஏற்பாடு. பிளேன் எப்படி மேலே ஏறும், ஏறும்போது வயிறு என்ன செய்யும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே பாத்திரம் தேய்ப்பேன். கஸ்தூரிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். வந்தாள். உட்காரக்கூட இல்லை. "தாலி எறங்கி ஈரம் காயல, பொம்பளைக்குப் பிளேன் கேக்குதா? ஊர் இன்னா பேசும்? நீ எங்கியும் போவ வேணாம். சின்னவனை நான் இட்டுக்கினு போய் வெச்சிக்கிறேன். நீ இங்கியே எதுனா கம்பெனில வேலை பாரு" என்றாள். ஒரே மூச்சில் என் பிளேனையும் எடுத்துக்கொண்டாள், என் பிள்ளையையும் எடுத்துக்கொண்டாள். அந்த வாய்தான் இன்றைக்கு உன்னிடம், "போய்க்கினே இரு ராஜா, திரும்பியே பாக்காத" என்கிறதாம். உன் விசாவுக்குப் போட்டோ எடுத்து வந்து காட்டினாயே, வெள்ளைத் துணிக்கு முன்னால், காது இரண்டும் தெரிகிற மாதிரி. நல்லா இருக்குது என்று திருப்பிக் கொடுத்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது நைனா. பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்படுகிறவள் உண்டா என்று கேட்காதே. உண்டு. நான் இருக்கிறேன்.

திருவள்ளூரில் உனக்குச் சோறு போட்டாள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள், பி.டி. வாத்தியார் உன்னை ஹாக்கிக்கு எடுத்தபோது மட்டை வாங்கித் தந்தாள். இல்லை என்று சொன்னால் என் வாய் புழுத்துப்போகும். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதை நான் எந்தச் சண்டையிலும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருக்கலாம் என்று தோன்றிய நாட்கள் உண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவள் செய்ததையும் கேள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி உன்னைப் பார்க்க வருவேன். உனக்குப் பிடிக்கும் என்று விடியலில் எழுந்து பழவேற்காட்டு மீன் வாங்கிக் குழம்பு வைத்து எடுத்து வருவேன். நான் வந்து சேர்வதற்குள் உனக்குச் சாப்பாடு போட்டு முடித்திருப்பாள். "வயிறு ஃபுல்லு மே, ஃபிரிட்ஜில வெய்யி, ராத்திரிக்குத் துன்னுவான்" என்பாள். அடுத்த ஞாயிறு போய் ஃபிரிட்ஜைத் திறந்தால் என் தூக்கு வைத்த இடத்திலேயே இருக்கும். மூடியைத் திறந்து பார்த்தேன். குழம்பு கல்லாகி இருந்தது. மீன் அப்படியே கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது. தூக்கைக் கழுவி எடுத்து வந்தேன். உன்னிடமும் கேட்கவில்லை. நீ சின்னப் பையன், கொடுத்ததைத் தின்பவன். இப்போது கேட்கிறேன். உனக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கவே இல்லையா, இல்லை நீதான் வேண்டாம் என்றாயா? பதில் வேண்டாம். வேண்டாம் என்று எழுதிவிட்டு எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன், அதுவும் உனக்குத் தெரியும்.

ஞாயிறுகளில் உனக்கு மேட்ச் இருக்கும். மத்தியானம் சாப்பிட்டதும் நீ பையை மாட்டுவாய், மட்டை தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த மட்டையின் அடிப்பக்கம் பிளந்தபோது நான்தான் கம்பெனியிலிருந்து பேக்கிங் டேப் கேட்டு வாங்கி வந்து இறுக்கிச் சுற்றினேன். ஆனால் நீ படி இறங்கும்போது கஸ்தூரி குடத்தை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் உள்ள இரு மே, புள்ள கெளம்புது" என்பாள். நான் சமையலறைக்குள் போய்விடுவேன். அவள் சொல்வதற்கு முன்னாலேயே போன நாட்களும் உண்டு. என்னால் உனக்கு ஒன்று ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தச் சமையலறை ஜன்னல் தெருப் பக்கம் பார்த்தது. கம்பி வழியாகப் பார்ப்பேன். கஸ்தூரி உன் எதிரே வருவாள், அவளுக்கு உன் முகம் தெரியும். எனக்கு உன் முதுகு தெரியும். உன் பிடரியில், முடி முடிகிற இடத்துக்குக் கீழே, மிளகு அளவுக்கு ஒரு மச்சம் இருக்கிறது. உனக்கே தெரியாது. கஸ்தூரிக்கும் தெரியாது. வருஷக்கணக்காக உன் முதுகைப் பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

அவள் எதிரே வந்து நீ ஜெயித்த ஒரு மேட்ச்சைச் சொல் பார்ப்போம். நான் சொல்கிறேன். மாவட்ட ஃபைனலுக்கு வந்தாள், தோற்றீர்கள். ஸ்டேட் செலக்‌ஷனுக்கு வந்தாள், உன் பேர் வரவில்லை. இரண்டாவது தடவை செலக்‌ஷனுக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள், உனக்குக் கணுக்கால் பிசகியது. காய்ச்சலோடு போனாயே, அன்றைக்கும் அவள்தான். எதையும் நான் மறக்கவில்லை.

நான் எதிரே வந்தது ஒரே ஒரு நாள். பொங்கல் லீவுக்கு நீ நம் வீட்டுக்கு வந்திருந்தாய். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்குள் நடக்கிற டோர்னமென்ட், ஆள் குறைகிறது என்று உன்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வேன் எட்டு மணிக்கு வரும் என்றாய். அதற்குள் தண்ணீர் பிடித்து வந்துவிடலாம் என்று விடியலிலேயே டாங்குக்குப் போனேன். போர் தண்ணீர் உப்பு, குடிக்க அங்கேதான் பிடிக்க வேண்டும். வரிசை நகரவில்லை. அதற்குள் வேன் வந்துவிட்டது. இடுப்பில் நீல பிளாஸ்டிக் குடம் ததும்பத் ததும்ப முருங்கை மரத் திருப்பத்தில் நான் திரும்புகிறேன், நீ நேருக்கு நேர் வந்துகொண்டிருக்கிறாய். எனக்கு உயிரே போய்விட்டது. முகத்தை மூடுவதா, குடத்தை மூடுவதா என்று தெரியாமல் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒண்டினேன். நீ சிரித்தாய். "இன்னா மா, கண்ணாமூச்சி ஆடிக்கினு கீற?" என்றாய். "போ நைனா, போ, என்னைப் பாக்காத" என்றேன். நீ குடத்தைச் சாய்த்து ஒரு கை தண்ணீர் குடித்தாய். மோவாயில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டு, "நாஷ்டா துன்னல. உனுக்கு மூடி வெச்சிக்கிறேன், துன்னு" என்று சொல்லிவிட்டு ஓடினாய். அந்த முகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மீசை அப்போதுதான் கறுத்திருந்தது.

அன்றைக்கு நாள் முழுக்க நான் இருந்த இருப்பை ரேவதியிடம் கேள். பேஜாராகப் போய்விட்டது. ஒரு வாய் சாப்பிடவில்லை. சாயந்திரம் நீ வந்தாய். மூன்று கோல். மூன்றும் நீ அடித்தது. அதைப் பார்த்துத்தான் சென்னை டீம் கோச் உன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். கஸ்தூரிக்கு நீயே போன் செய்து சொன்னாய், ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். அவள் உடனே, "பாத்தியா, கார்த்தால உன் பேரைச் சொல்லி அம்மனுக்கு வெளக்கேத்துனேன், அதான்" என்றாள். நான் அடுப்புப் பக்கம் நின்று உன்னைப் பார்த்தேன். இல்லை பெரிம்மா, எதிரே வந்தது எங்க அம்மா என்று சொல்ல உனக்கு வாய் இருந்தது. நீ, "ஆமா பெரிம்மா" என்றாய். கஸ்தூரி செய்தவற்றில் என்னால் மன்னிக்க முடியாதது எவ்வளவோ இருக்கிறது. நீ செய்ததில் இந்த ஒன்றுதான்.

சென்னையில் என்ன நடந்தது என்று நீ சொல்லவில்லை, நான் பார்த்தேன். ஒரு மேட்ச்சுக்கு உனக்குத் தெரியாமல் வந்து வெயிலில் உட்கார்ந்தேன். பச்சைப் பாய் விரித்ததுபோல் டர்ஃப், அதன்மேல் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். மண்ணில் விளையாடிய கால் உனக்கு. பந்து நீ நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தது, நீ அதைவிடத் தாமதமாகக் குனிந்தாய். கொஞ்ச நேரத்தில் கையைக் காட்டி வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து, மட்டையை முழங்காலுக்கு நடுவே வைத்து, டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாய். உனக்கு முதுகு காட்டித்தான் எல்லோரும் ஓடினார்கள். பின்னால் உட்கார்ந்து முதுகைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த டீமை நீ விட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. டீம் மூலம் கிடைக்க இருந்த பர்மனென்ட் வேலை போச்சு என்று ஊர் சொல்லட்டும். கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், கொடுக்கவில்லை. உன்னை வெளியே கூப்பிட்ட கைகளை மறக்காதே. அதற்காக யாரிடமும் சொல்லிக்கொண்டும் திரியாதே. மனதில் வைத்துக்கொண்டு ஓடு, கால் வேகமாகப் போகும். நான் இத்தனை வருஷம் அந்தப் பெட்ரோலில்தான் ஓடுகிறேன்.

ஜெர்மனிக்குப் போய்ப் பகலில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்து, ஞாயிறன்று கிளப்புக்கு ஆடப்போகிறாய் என்றாய். சின்ன ஊர், சின்ன கிளப் என்று நீயே குறைத்துச் சொன்னாய். குறைக்காதே. உன்னை மைதானத்தில் இறக்கிவிடுகிற இடம்தான் பெரிய இடம். உன்னோடு வீடியோவில் அந்த வீட்டுக்கார அம்மாளையும் பார்த்தேன். வெள்ளை முடி, சிவப்பு ஸ்வெட்டர். மாடி ரூமைச் சுற்றிக் காட்டினாள். கட்டிலில் ஒரு கனமான போர்வையை மடித்து வைத்திருந்தாள். அதைக் கையால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டி, உன் பெயரைச் சொல்லிச் சிரித்தாள். ஓ, இன்னொருத்தி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாததால் பிழைத்தாள். நல்லவள்போலத்தான் இருந்தாள். நல்லவர்களிடம்தான் எனக்குப் பயம். கஸ்தூரியும் நல்லவள் என்றுதான் ஊரே சொல்கிறது. அவள் போடுவதைச் சாப்பிடு, போர்வையை நன்றாகப் போர்த்திக்கொள், குளிரில் வீரம் காட்டாதே. அவளை வேறு எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு. அம்மா என்று மட்டும் கூப்பிடாதே. எனக்கும் உனக்கும் நடுவே இருந்த அந்தச் சொல்லில் ஏற்கெனவே பாதியைப் பெரியம்மா என்று வெட்டிக் கொடுத்தாகிவிட்டது.

சரி, கிளம்பும் நாளுக்கு வருகிறேன்.

கார் நம் தெருவுக்குள் வராது, மெயின் ரோட்டில்தான் நிற்கும். நீ நடந்துதான் போக வேண்டும். வாசலில் கஸ்தூரி பித்தளைக் குடத்தோடு வருவாள். வரட்டும். பஸ் மாறி அவ்வளவு தூரம் வருகிறவளை நான் தடுக்க மாட்டேன். உன்னை வளர்த்தவள், அவளும் பார்க்கட்டும். ஆனால் நான் சமையலறையில் இருக்க மாட்டேன். நீ அவளைத் தாண்டி, பெட்டியை இழுத்துக்கொண்டு முருங்கை மரத் திருப்பத்துக்கு வரும்போது, அந்தப் பக்கமிருந்து நான் வருவேன். அதே நீலக் குடம்தான். விளிம்பில் கொஞ்சம் வெடித்திருக்கிறது, தண்ணீர் நிற்கும்.

உனக்குப் பயமாக இருந்தால் ரேஷன் கடைச் சந்து வழியாகவும் ரோட்டுக்குப் போகலாம். போ. அவ்வளவு தூரம் போகிறவனுக்குப் பயம் வருவது இயல்புதான். அதற்கு நான் கோபப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். கோபப்படுவேன். சாகும்வரை ஞாபகம் வைத்திருப்பேன். இருந்தாலும் உனக்காக வேண்டிக்கொள்வேன், இரண்டையும் ஒன்றாகச் செய்ய எனக்குத் தெரியும்.

திருப்பத்துக்கு வந்தால் நிற்காதே. எதிரே வருகிறவளிடம் நின்று பேசக்கூடாது, வழக்கம் அது. தண்ணீர் குடிக்க வேண்டுமானால் குடி. போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிற பழக்கம் உனக்கு இருக்கிறது, அன்றைக்கு மட்டும் அதைப் பையில் போட்டுக்கொண்டு முகத்தை நிமிர்த்தி வா. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தாண்டிய பிறகு நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். உன் முதுகு எனக்கு மனப்பாடம்.

அங்கே போய் நீ முதல் கோல் அடித்ததும் கஸ்தூரி எனக்குப் போன் செய்வாள். கம்பெனி பஸ்ஸில் இருந்தாலும் பைபாஸில் இருந்தாலும் எடுப்பேன். "விசயம் தெரியுமாடி ஒனக்கு?" என்பாள். அதற்கு முன்னால் நீ என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு நைனா. தெரியும் என்று ஒரு தடவையாவது நான் பொய் இல்லாமல் சொல்ல வேண்டும்.

அம்மா